ஆறு செங்கல்

"ஒரு வீட்டுக்கு என்ன விலை சொல்றதுன்னே எனக்குப் பிடிபட மாட்டேங்குதும்மா" என்றார் சந்தானம்.

இன்ஷூரன்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், வயது ஐம்பத்தெட்டு. பாண்டீஸ்வரிக்கு நாற்பதுகூட இல்லை. ஆனாலும் மதுரையில் இந்தத் தொழிலில் அவள்தான் அவருக்குக் குரு.

தொழில் இதுதான்: பழைய வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்து அக்ரிமென்ட் போட வேண்டும். கெடு முடிவதற்குள் முதலீடு செய்கிறவர் ஒருவருக்கு அதைக் கைமாற்ற வேண்டும். யாரும் வாங்காவிட்டால் அட்வான்ஸ் கோவிந்தா.

சந்தானத்துக்கு இரண்டு முறை கோவிந்தா ஆகியிருந்தது. மூன்றாவதும் போனால் சேமிப்பு மொத்தமும் காலி. மனிதர் சரியாகத் தூங்கியே பல நாளாயிற்று.

இப்போது ஒரு சந்துக்குள் பார்த்து வைத்திருந்த பழைய வீட்டின் கணக்குத் தாளை நீட்டினார்.

"புதுப்பிச்சா நாப்பது லட்சம் போகும். ரிப்பேருக்கு அஞ்சு, வாங்குறவருக்கு லாபம் அஞ்சு, எனக்கு ஒண்ணு. இருபத்தொன்பது சொல்லலாம். வீட்டுக்காரர் முப்பது கேக்குறார். பேசி முடிச்சிடலாம்."

"இதை எங்க உக்காந்து போட்டீங்க?"

"வீட்லதான். ஃபேனுக்குக் கீழ."

பாண்டீஸ்வரி சிரிக்கவில்லை. தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். மெயின் ரோட்டில் மணல், செங்கல் விற்கும் கடைக்கு அவரைக் கூட்டிப் போனாள். ஆறு செங்கல் வாங்கினாள்.

"இதை அந்த வீட்டு வாசல்ல வச்சிட்டு வாங்க சார்."

"நானா?"

"லாரி சந்துக்குள்ள போகுமா?"

போகாது.

சந்தானம் செங்கல்லை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தார். முதல் திருப்பத்தில் ஒரு பைக் நின்றது. ஒருக்களித்துப் போனார். அடுத்த திருப்பத்தில் தண்ணீர் பிடிக்கும் பெண்கள் குடங்களை நகர்த்தும்வரை நின்றார். மூன்றாவதில் முழங்கை சுவரில் உரசித் தோல் வழன்றது. இரண்டு முறை வந்து பார்த்த சந்துதான். அப்போதெல்லாம் வெறுங்கையோடு வந்திருந்தார்.

கால் மணி நேரம் கழித்து, சட்டையெல்லாம் செங்கல் தூளாகத் திரும்பி வந்தார்.

"என்ன விலை சார்?"

"இருபத்தாறு. எல்லாம் ஆள் வச்சுச் சுமக்கணும், ரிப்பேருக்கு எட்டு ஆயிடும். அதுக்கு மேல ஒரு ரூபா கிடையாது."

"அவர் ஒத்துக்க மாட்டாரே."

"மாட்டார்."

"வீடு கைவிட்டுப் போயிடும். வருத்தமா இல்லையா?"

"வருத்தம்தாம்மா" என்றார் சந்தானம், முழங்கையை ஊதிக்கொண்டே. "ஆனா சுமக்க இன்னும் நாலாயிரம் செங்கல் இருக்கே."