அண்ணன் என்று சொல்லாதவர்

செம்மலை அடிவாரத்து மடத்தில் ஒரு வைத்தியசாலை இருந்தது. அதை நடத்திவந்தவர் சிவக்கொழுந்து. மனைவி காலமான பிறகு மடத்தில் சேர்ந்த சீடர். குருவான அடிகளைவிட வயதில் மூத்தவர்.

நோயாளியோடு கணவனோ மனைவியோ பெற்றவர்களோ பிள்ளைகளோ கூடப்பிறந்தவர்களோ தங்கலாம். மற்றவர்கள் வாசலோடு திரும்பிவிட வேண்டும். அதுதான் அங்கே வழக்கம்.

ஐப்பசி மழையில் ஒருநாள், பரிசல் ஓட்டும் மாசிலாமணி ஒருவரைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். சுமந்து வந்தது அருமைநாயகத்தை. கடுங்காய்ச்சல், நினைவில்லை.

"நீங்கள் இவருக்கு என்ன உறவு?" என்று கேட்டார் சிவக்கொழுந்து.

"இவரோடதான் வாழுறேன் சாமி. இவருக்கு நான், எனக்கு இவரு."

சிவக்கொழுந்து குரலைத் தாழ்த்தினார். "அண்ணன் என்று சொல்லிவிடுங்கள். உள்ளே விடுகிறேன்."

"அண்ணன் இல்லீங்களே."

"ஒரு வார்த்தைதானே?"

"அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தா ஊர்ல எங்களுக்கு ஒரு தொல்லையும் வந்திருக்காது. இவரு நல்லா இருந்தப்ப சொல்லல. நினைவில்லாம கிடக்கிறப்பவா சொல்லுவேன்?"

நோயாளியை உள்ளே கொண்டுபோனார்கள். மாசிலாமணி வெளியே புங்கமரத்தடியில் நின்றார். மழை விடவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் அடிகள் வந்தார். நடந்ததைக் கேட்டறிந்தார். மரத்தடிக்குப் போய் மாசிலாமணியின் பக்கத்தில் நின்றுகொண்டார்.

சிவக்கொழுந்து குடையோடு ஓடிவந்தார். "சுவாமி, நனைகிறீர்கள். உள்ளே வாருங்கள்."

"இவர்?"

"தலைமுறை தலைமுறையாக ஊர் இதை ஏற்றுக்கொண்டதில்லை, சுவாமி. மனம் புண்படும்."

"யார் மனம்?"

சிவக்கொழுந்து மாசிலாமணியைப் பார்த்தார். தலையிலிருந்து நீர் வழிய, அந்த மனிதர் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்கள் மனைவியின் கடைசி நேரத்தில் நீங்கள் எங்கே இருந்தீர்கள்?" என்று கேட்டார் அடிகள்.

"பக்கத்தில். கையைப் பிடித்துக்கொண்டு."

"யாரிடம் அனுமதி கேட்டீர்கள்?"

சிவக்கொழுந்து குடையை மாசிலாமணியின் தலைக்குமேல் பிடித்து, முன்வாசல் வழியாகவே அவரை அழைத்துப்போனார்.

இரண்டொரு நாளில் காய்ச்சல் விட்டது. கண் விழித்த அருமைநாயகம், கட்டிலருகே இருந்தவரைப் பார்த்து முதலில் கேட்டது, "சாப்பிட்டியா?" என்பதுதான். கஷாயத்தோடு வந்த சிவக்கொழுந்து வாசலிலேயே நின்றுவிட்டார். இப்படிக் கேட்கத் தனக்கு இப்போது யாருமில்லை என்று நினைத்துக்கொண்டார்.

ஊர்ப் பெரியவர்கள் மடத்துக்கு வந்து சத்தம் போட்டார்கள். "உள்ளே விட்டது நான்தான். இனியும் விடுவேன்," என்று சிவக்கொழுந்தே சொல்லி அனுப்பினார்.

ஆனாலும் ஒரு நெருடல் இருந்தது. அடிகளிடம் போனார்.

"சுவாமி, செய்தது சரி என்று தெரிகிறது. ஆனால் இது நெடுங்காலமாக ஊறிப்போன எண்ணம். எடுத்த எடுப்பில் மாற்றாமல், கொஞ்சம் கொஞ்சமாக மாற்றியிருக்கலாமோ?"

அடிகள் அவரை அன்போடு பார்த்தார்.

"ஒருவர் காலை மிதித்துக்கொண்டு நிற்கிறீர்கள். இப்போதுதான் அது தெரிகிறது. வெகுநேரமாக மிதித்திருக்கிறோம் என்பதும் தெரிகிறது. வெகுநேரம் ஆயிற்றே என்று காலை மெதுவாகவா எடுப்பீர்கள்?"