திரையில் நின்ற எழுபத்து நாலு

சற்குணம் ஒரு சிப் கம்பெனியில் பத்தொன்பது வருடம் பரிசோதகராக இருந்தவர். கம்பெனி வெளியே அனுப்பியதும், கருவிகளை இயக்கும் அடிப்படை மென்பொருளான கெர்னலை எழுதக் கற்றுக்கொள்ள தாட்சாயணியிடம் வந்து சேர்ந்தார். குருவுக்கு வயது முப்பத்து நாலு, சிஷ்யருக்கு ஐம்பத்தொன்று. அதில் கூச்சப்பட்டது சிஷ்யர் மட்டும்தான்.

ஒரு திங்கட்கிழமை கையில் கடிதத்தோடு வந்தார். மலைமேல் உள்ள சிறிய ஆஸ்பத்திரி ஒன்றின் நர்ஸ் எழுதியிருந்தார். நாடித்துடிப்பு காட்டும் மானிட்டர், கரண்ட் போனால் பேட்டரியில் இரண்டு மணி நேரம்கூட ஓடுவதில்லை. ஒன்பது மணி நேரம் என்று சொல்லித்தானே விற்றீர்கள்? கரண்ட் வரும்வரை நோயாளியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

"காரணம் கெர்னல்ல இருக்கிற இந்த வரிதான், மேடம்."

வேலையில்லாத நேரத்தில் சிப்பைத் தூங்கவைத்து பேட்டரியை மிச்சம் பிடிப்பது கெர்னலின் வழக்கம். இந்த ஒரு ரகச் சிப்பை மட்டும் ஆழ்ந்து தூங்க விடாதே என்றது அந்த வரி. பக்கத்தில் தாட்சாயணியின் பெயர்.

"இது நாங்க செஞ்ச சிப். ஒரு குறையும் கிடையாது. வரியை எடுத்துடலாம்."

"எடுங்க. அதே மானிட்டர் இங்க ஒண்ணு இருக்கு. நீங்களே விரல்ல மாட்டிக்குங்க, சார்."

எடுத்தார். மாட்டிக்கொண்டார். அன்று பேட்டரி ஒன்பது மணி நேரம் நின்றது. செவ்வாயன்றும் நின்றது. சற்குணத்துக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. நர்ஸுக்குப் பதில்கூட எழுதி வைத்துவிட்டார்.

புதன்கிழமை அவர் டீ குடித்துக்கொண்டிருந்தபோது தாட்சாயணி வந்து, அவர் விரலிலிருந்த கிளிப்பைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

திரையில் எழுபத்து நாலு. அவர் டீயைக் குடித்து முடித்த பிறகும் எழுபத்து நாலு. தூங்கப்போன சிப் எழவில்லை.

சற்குணம் ஆச்சரியப்படவில்லை. தாட்சாயணி அதைக் கவனித்தார்.

"முன்னாடியே பாத்திருக்கீங்களா, சார்?"

"ரெண்டு தடவை. அப்புறம் எவ்வளவு முயற்சி பண்ணியும் வரல. ரிலீஸுக்கு நாலு நாள்தான் இருந்துச்சு. 'குறை ஏதும் இல்லை'ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டேன்."

தாட்சாயணி அந்த வரியைப் பழைய இடத்திலேயே திரும்ப வைத்தார்.

"சிப்பையே சரிபண்ண வழியில்லையா, மேடம்?"

"சிப் மலையேறிப் போயாச்சு, சார். அங்க வார்டுல இருக்கு."

சற்குணம் கடிதத்தை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"அப்போ அந்த நர்ஸுக்கு என்ன பதில் எழுதப் போறீங்க?"

"அந்த சிப் மேல எங்கேயும் உங்க பேர் இல்ல. பேட்டரியைத் தின்னுற வரியில என் பேர் இருக்கு. ரெண்டு வருஷமா திட்டெல்லாம் எனக்குத்தான் வருது. இந்தக் கடிதத்துக்கு நீங்க எழுதுங்க, சார். உங்க பேரைப் போட்டு எழுதுங்க."