எருமையைத் தொடாதீர்

கோயம்புத்தூர் சரவணம்பட்டியில், ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில், வீடியோ கேம் செய்கிற கம்பெனி ஒன்று இருந்தது. அந்தக் கம்பெனியின் கம்ப்யூட்டருக்குள் ஒரு எருமை இருந்தாள்.

சும்மா சொல்லக் கூடாது, நல்ல எருமை. கோதைநாயகி என்கிற பெண் பொள்ளாச்சிச் சந்தைக்குப் போய், ரெண்டு நாள் எருமைகளுக்குப் பின்னாலேயே அலைந்து வீடியோ எடுத்து, எலும்பு எலும்பாக யோசித்து அவளைச் செய்திருந்தாள். அந்த நடை இருக்கிறதே, அவசரமே இல்லாத அந்த நடை, அதைப் பார்த்து கம்பெனி முதலாளி முத்துவேலப்பனே வாயைப் பிளந்தார். "கேமோட கதாநாயகன் இது மேலதான் போருக்குப் போறான், அம்மிணி," என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டார்.

கதாநாயகன் பெயர் மாறவேள். கோட்டையைப் பிடிக்க வேண்டிய வீரன். எருமைமேல் ஏறி, வாளை உருவி, "புறப்படு!" என்று கத்தினான். எருமை புறப்பட்டாள். முதல் ஊர் எல்லையில் ஒரு குளம் வந்தது.

அங்கேதான் வந்தது வினை. கோதை எருமையை உள்ளது உள்ளபடி செய்துவிட்டாள். தண்ணீரைப் பார்த்ததும் எருமைக்கு முன்னங்கால் மடிந்தது. கழுத்து தாழ்ந்தது. குளத்தில் இறங்கி சுகமாகப் படுக்கப் போனாள். மாறவேளும் வாளோடும் கவசத்தோடும் சேர்ந்து முழுகப் போனான். கரை ஈரத்தில் அவள் குளம்பு பட்டது, அவ்வளவுதான்; முத்துவேலப்பன் நிறுத்தச் சொல்லிவிட்டார். பத்துப் பேரை விட்டு விளையாடச் சொன்னார். பத்துத் தடவையும் எருமைக்குக் கரையிலேயே கால் மடிய, அங்கேயே நிறுத்த வேண்டியதாயிற்று.

"போருக்குப் போகச் சொன்னா குளிக்கப் போகுது. தூக்கிருங்க," என்றார் முத்துவேலப்பன். "நாலே நாள்ல எனக்கு ஒரு குதிரை வேணும்."

எருமை 'அப்புறம்' என்ற ஃபோல்டருக்குள் போனாள். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கியவற்றையெல்லாம் அதில்தான் போடுவார்கள். அப்புறம் என்பது அந்தக் கம்பெனியில் ஒருநாளும் வந்ததில்லை.

உள்ளே ஏற்கெனவே ரெண்டு பேர் இருந்தார்கள். ஒன்று பறக்கும் குடை. அதைப் பிடித்துக்கொண்டு எல்லாரும் கோட்டைச் சுவரைத் தாண்டிப் போனதால், போரே நடக்கவில்லை என்று தூக்கிவிட்டார்கள். இன்னொருவர் மந்திரி. அவரிடம் பதினொரு நிமிடச் சொற்பொழிவு ஒன்று இருந்தது. விளையாட வந்தவர்கள் எல்லாரும் ஒன்பதாவது விநாடியிலேயே பொத்தானை அமுக்கித் தாண்டிவிட்டார்கள்.

"கேளுங்கள் அரசே," என்று எருமையைப் பார்த்ததும் மந்திரி ஆரம்பித்தார். "இந்த நாட்டின் வரலாறு..."

எருமை அசைபோட்டுக்கொண்டே முழுதும் கேட்டாள். பதினொரு நிமிடத்தையும் முதன்முதலாகக் கேட்ட ஜீவன் அவள்தான். மந்திரி அழுதே விட்டார்.

இப்படியே ரெண்டு வருஷம் போயிற்று. எருமைக்கு யார்மேலும் கோபமில்லை. ஒரே ஒரு ஏக்கம்தான். அந்தக் குளத்துத் தண்ணீர் அவள் குளம்பில் பட்டது பட்டபடி நின்றுவிட்டது. முதுகு நனையவே இல்லை. ஒருதரம், ஒரே ஒருதரம், முதுகு நனைய அதில் படுத்துவிட்டால் அப்புறம் அழித்தால்கூடப் பரவாயில்லை என்று குடையிடம் சொல்லிக்கொண்டிருப்பாள்.

தினமும் கேமை ஓடவிட்டுப் பார்ப்பார்கள். அப்போதெல்லாம் புதுக் குதிரை ஃபோல்டர் வாசல் வழியாகத்தான் போகும். வெள்ளைக் குதிரை. அதற்குப் பதினேழு சேணம், காலுக்குச் சலங்கை, நெற்றியில் தங்கப் பட்டம். கல்யாண மாப்பிள்ளை தோற்றான் போங்கள்.

"ஏனுங் தம்பி," என்று எருமை ஒருநாள் கூப்பிட்டாள்.

குதிரை நின்றது. "யாரைத் தம்பி என்கிறாய்? நான் போர்க்குதிரை."

"சரிங் தம்பி. குளத்துப் பக்கமாத்தானே போறீங்க? தண்ணி எப்படி இருக்குன்னு மட்டும் வந்து சொல்லுங்க. அது போதும்."

"தண்ணீர் பார்ப்பது என் வேலையல்ல. ஒதுக்கிப்போட்ட சரக்கோடு பேசுவதும் என் வேலையல்ல," என்று தலையைச் சிலுப்பிக்கொண்டு போய்விட்டது.

"என்னா திமிர்!" என்று குடை படபடவென்று விரிந்து மூடியது. "ஆனா ஒண்ணு கவனிச்சியா? குளத்துக்கிட்ட போறப்ப அதுக்கு முன்னங்கால் லேசா மடியுது. கேட்டா, மாறவேளுக்கு எடை கூடிப்போச்சுன்னு சொல்லுது."

எருமை அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "பாவம், மூட்டுவலியா இருக்கும்," என்றாள்.

பிறகு அந்த வெள்ளிக்கிழமை வந்தது. மாடியில் மைக் திறந்தே கிடந்ததால் அங்கே பேசுவதெல்லாம் ஃபோல்டருக்குள் கேட்டது.

"அஞ்சு மணிக்குள்ள கேமை ஆன்லைன் ஸ்டோர்ல ஏத்தியாகணும்," இது முத்துவேலப்பன். "சைஸ் ரொம்பப் பெருசா இருக்குதுன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. அந்த 'அப்புறம்' ஃபோல்டரைக் காலி பண்ணு அம்மிணி."

"அண்ணா, அதுல நம்ம எருமை இருக்குதுங்," என்றாள் கோதை.

"ரெண்டு வருஷமா யாராவது அதைப் பார்த்தாங்களா? வேண்டாததைச் சுமந்துட்டு மலை ஏற முடியுமா?"

கோதை கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினாள். நாற்காலி கிறீச்சிட்டது.

ஃபோல்டருக்குள் குடை சுருங்கிப் போயிற்று. மந்திரி, "கேளுங்கள் அரசே," என்று நடுங்கும் குரலில் தொடங்கினார், மேலே வரவில்லை. எருமைக்கும் பயம்தான், ஒளிப்பானேன். 'முதுகு நனையாமலே போறனே' என்று நினைத்தாள். நினைத்து முடிக்கும்போது அவள் இல்லை.

என்ன செய்வது, கதையைக் கொஞ்ச தூரம் அவளில்லாமல்தான் சொல்லியாக வேண்டும்.

கடைசியாக ஒருதரம் கேமை ஓடவிட்டார்கள். மாறவேள் வாளை உருவி, "புறப்படு!" என்று கத்தினான். ஆனால் அவன் உட்கார்ந்திருந்தது வெறும் காற்றில். அவனுக்குக் கீழே குதிரை, கொடியில் காயப்போட்ட போர்வை மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. காது இருக்க வேண்டிய இடத்தில் வால். நாலு காலும் ஒரே இடத்தில் கொத்தாக, கறிவேப்பிலைக் கட்டுபோல. தங்கப் பட்டம் மட்டும் ஒழுங்காக இருந்தது.

"அடக் கடவுளே!" என்றார் முத்துவேலப்பன். "மணி மூணே முக்கால்! குதிரைக்கு என்னாச்சு?"

கோதை கண்ணை மூடிக்கொண்டாள். ரெண்டு வருஷத்துக்கு முந்தைய அந்த நாலு நாள் மெதுவாக ஞாபகத்துக்கு வந்தது.

"அண்ணா, நீங்க நாலு நாள்ல குதிரை கேட்டீங்க," என்றாள். "புதுசா எலும்பு செய்ய நேரமில்லீங். இப்போதைக்குன்னு எருமையோட எலும்பு மேலயே குதிரைத் தோலை இழுத்து மாட்டினேனுங். தண்ணி ஆசையை மட்டும் அறுத்துட்டேனுங். அப்புறம் மாத்திக்கலாம்னு..."

"அப்புறம்?"

"அப்புறம் மறந்துட்டேனுங்."

முத்துவேலப்பனுக்குத் திட்ட நேரமில்லை. கோதை குப்பைத்தொட்டியைக் கிளறி மூவரையும் மீட்டாள். எருமை கண் விழித்தாள். அதே நொடியில் குதிரை விருட்டென்று நாலு காலில் எழுந்து நின்றது. நின்றதும் அது முதலில் பார்த்தது எருமையைத்தான். பார்த்த வேகத்தில் தலையைக் குனிந்துகொண்டது.

குடையையும் மந்திரியையும் நம்பி கேமில் எதுவும் நிற்கவில்லை. அவர்கள் உள்ளே இருந்தால் சைஸ் குறையாது. அவர்களை மறுபடி அழிக்கக் கோதைக்கு மனசு வரவில்லை. ஒரு பென் டிரைவில் போட்டு, கைப்பையில் தலைவலி மாத்திரைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். போகும்போது மந்திரி எருமையைப் பார்த்து, "அம்மா, இருட்டில் கேட்க ஆள் உண்டா?" என்றார். "குடை இருக்குதுங்களே," என்று எருமை தேற்றினாள். குடைதான் பாவம், பெருமூச்சு விட்டது.

அப்படியும் சைஸ் குறையவில்லை. பாரம் எதில் என்று பார்த்தால், எல்லாம் குதிரையின் அலங்காரத்தில். பதினேழு சேணமும் சலங்கையும் தங்கப் பட்டமும் போயின. முதுகில் ஒரு சணல் சாக்கு மிஞ்சியது.

கடைசியாக ஒரு சிக்கல். 'அப்புறம்' ஃபோல்டரையே கேமிலிருந்து எடுத்துவிட வேண்டியிருந்தது. எருமை கேமுக்குள் எங்காவது இருந்தால்தான் குதிரை நிற்கும். ஆனால் விளையாடுகிறவர்கள் கண்ணில் அவள் படவும் கூடாது. கோதை அவளை மலைக்குள் வைத்தாள். கொம்பு ரெண்டும் வெளியே நீட்டிக்கொண்டன. மேகத்துக்கு மேலே வைத்தாள். மூன்று ஊர்களில் நிழல் விழுந்து ஜனங்கள் விளக்கேற்றிவிட்டார்கள். தரைக்கு அடியில் வைத்தாள். எருமை விழுந்தாள், விழுந்தாள், விழுந்துகொண்டே போனாள். பிடித்து இழுக்க வேண்டியதாயிற்று.

மணி நாலு ஐம்பது. முத்துவேலப்பன் தலையில் கை வைத்துக்கொண்டு, "எங்கயாவது போட்டுத் தொலை, அம்மிணி. அந்தக் குளத்துக்குள்ள அமுக்கி வையி. எருமைக்கென்ன!" என்றார்.

கோதை குளத்தைத் திரையில் பெரிதாக்கினாள். பிறகு எருமையை மெதுவாக, பத்திரமாக, குளத்துக்குள் இறக்கினாள். பக்கத்தில் ஒரு குறிப்பும் எழுதி வைத்தாள்: 'எருமையைத் தொடாதீர். தொட்டால் குதிரை விழும்.'

தண்ணீர் முதலில் குளம்பில் பட்டது. அப்புறம் முழங்காலில், வயிற்றில். அப்புறம் ரெண்டு வருஷமாகக் காய்ந்து கிடந்த முதுகு நனைந்தது. எருமை கண்ணை மூடி ஒரு மூச்சு விட்டாள். குளத்தின் மேலே நாலைந்து குமிழி வந்தது.

அஞ்சு மணிக்கு கேம் வெளியே போயிற்று. ஊரெல்லாம் விளையாடினார்கள். எருமை இருப்பது ஒருவருக்கும் தெரியாது. குமிழியை ஒருவர் கண்டுபிடித்து, இது பிழை என்று எழுதினார். "அது இருக்கட்டுங்க," என்று கோதை பதில் போட்டாள்.

ஒருநாள் வெயில் நேரத்தில் மாறவேள் குளக்கரைக்கு வந்தான். போரில் மூன்றுதரம் செத்து, நாலாவது தரம் கிளம்பியிருந்தான். குதிரைக்கு முதுகெல்லாம் சாக்கு அரிப்பு. கரையில் அதற்கு முன்னங்கால் லேசாக மடிந்தது. இந்தத் தடவை எடைமேல் பழி போடவில்லை.

"புறப்படு!" என்று மேலே இருந்தவன் கத்தினான்.

குதிரை கழுத்தைத் தாழ்த்தித் தண்ணீருக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோனது. யார் காதிலும் விழாமல் கேட்டது: "அக்கா... தண்ணி எப்படி இருக்கு?"

"ஜில்லுனு இருக்குதுங் தம்பி," என்றாள் எருமை. "நீங்க போய்ச் சண்டைய முடிச்சுட்டு வாங்க."