நத்தைக்கு அனுமதி வாங்கின கதை

மேலக்குறிச்சியில் மூன்று பேர் சேர்ந்து கட்டற்ற மென்பொருள் சங்கம் நடத்துகிறார்கள். தலைவர் ஏகாம்பரம், செயலாளர் தாவூது, துணைச் செயலாளர் பெலிக்ஸ். உறுப்பினர் என்று தனியாக யாரும் கிடையாது. மூன்று வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டு, தமிழில் தட்டச்சு செய்ய ஒரு மென்பொருள் செய்தார்கள். ‘நத்தை’ என்று பேர் வைத்து, நத்தைப் படத்தையே சின்னமாகப் போட்டு, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று இணையத்தில் விட்டார்கள். தங்கமான மனுஷர்கள், அதில் சந்தேகமே இல்லை.

ஒரு நாள் அரசுப் பள்ளி கோமளவல்லி டீச்சர் வந்தார்.

"சனிக்கிழமை நாப்பது பிள்ளைங்களுக்கு நத்தை கத்துக்குடுக்கணும் சார். கையேடு எழுதிக் குடுத்து, நீங்களே வந்து பாடமும் எடுங்க. எச்.எம். அந்த ஒரு நாள்தான் கம்ப்யூட்டர் ரூமைத் திறந்து விடுவார். விட்டா அடுத்த வருஷம்தான்."

கையேடு இரண்டே நாளில் தயார். அச்சகத்துக்குக் கிளம்பும்போது தாவூதுக்கு ஒன்று நினைவுக்கு வந்து தொலைத்தது. சென்னைக் கூட்டத்தில் ஒரு வக்கீல் சொன்னது.

"மென்பொருள்தான் கட்டற்றதாம். பேரும் சின்னமும் அப்படி இல்லையாம். புத்தகத்துல போடணும்னா சொந்தக்காரங்ககிட்ட எழுத்து மூலமா அனுமதி வாங்கணுமாம்."

மூன்று பேருக்கும் வியர்த்துவிட்டது.

"நத்தைக்குச் சொந்தக்காரங்க யாரு?" என்றார் ஏகாம்பரம்.

பெலிக்ஸ் இணையத்தில் தேடினார். "முகவரி கிடைச்சிருச்சு தலைவரே. நம்ம ஊர்தான்!"

"அடடே, நேர்லயே போயிடலாமே?"

"எழுத்து மூலமான்னு வக்கீல் சொல்லியிருக்கார்" என்றார் தாவூது கண்டிப்பாக.

திங்கட்கிழமை பதிவுத் தபாலில் விண்ணப்பம் போனது. செவ்வாய்க்கிழமை சங்கத்துக்கு ஒரு பதிவுத் தபால் வந்தது. ஏகாம்பரம் பிரித்துப் படித்தார். முகம் சிவந்தது.

"யாரோ நம்ம நத்தையைப் புத்தகத்துல போடப்போறாங்களாம்!"

"ஆளுங்க எப்படி?" என்றார் பெலிக்ஸ்.

"கடிதத் தாள்லயே நத்தைப் படம் போட்டிருக்காங்கய்யா. அனுமதி வாங்குறதுக்கு முன்னாடியே! என்ன திமிர் இருக்கணும்!"

ஒரு மணி நேரம் விவாதித்து ஒருமனதாக மறுத்தார்கள். புதன்கிழமை மறுப்பு வந்து சேர்ந்தது. தாவூது அதைப் படித்துக் கண்கலங்கினார்.

"ஈவு இரக்கம் இல்லாத ஜனங்க. பிள்ளைங்க படிப்புன்னு கூடப் பார்க்கலையே!"

விஷயம் தெரிந்து டீச்சர் ஓடி வந்தார். "என்ன சார் கூத்து இது? நத்தையே உங்களோடதுதானே!"

"அதெல்லாம் வாய்வார்த்தை டீச்சர்" என்றார் ஏகாம்பரம். "எழுத்து மூலமா வரணும்."

டீச்சர் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு அவரே வெள்ளைத் தாளில், படம் கிடம் எதுவும் இல்லாமல், ஒரு மேல்முறையீடு எழுதி மூன்று பேரிடமும் கையெழுத்து வாங்கித் தபாலில் போட்டார். வியாழக்கிழமை அதைப் படித்த சங்கம், "பரவாயில்லையே, இப்போ மரியாதை கத்துக்கிட்டாங்க" என்று மெச்சியது. வெள்ளிக்கிழமை அனுமதி வந்தது. ஒரே ஒரு நிபந்தனை. அந்தப் புத்தகத்துக்குச் சங்கத்தின் ஆதரவு இருப்பதுபோல் எங்கேயும் தோன்றக் கூடாது.

சனிக்கிழமை நாற்பது பிள்ளைகள் கையில் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்க, மூன்று பேரும் பள்ளிக்கூட கேட்டுக்கு வெளியே வெயிலில் நின்றார்கள்.

"உள்ள வாங்க சார், பாடம் எடுக்கணும்!"

"வந்தா ஆதரவு குடுத்த மாதிரி ஆயிடும் டீச்சர். அவங்க அனுமதியை ரத்து பண்ணிடுவாங்க."

வாயில் வந்ததையெல்லாம் திட்டிவிட்டு, டீச்சரே புத்தகத்தைப் புரட்டிப் புரட்டிப் பாடம் எடுத்தார். மத்தியானத்துக்குள் நாற்பது பிள்ளைகளும் தங்கள் பேரைத் தமிழில் அடித்துவிட்டார்கள். அவர்கள் போட்ட கூச்சல் கேட் வரைக்கும் கேட்டது.

ஏகாம்பரம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எல்லாம் அனுமதி குடுத்த அந்தப் புண்ணியவான்களால. நேர்ல பார்த்து ஒரு சால்வை போட்டாத்தான் என் மனசு ஆறும்."

சால்வை வாங்கிக்கொண்டு முகவரியைத் தேடிப் போனார்கள். கதவு பூட்டியிருந்தது.

"பெரிய மனுஷங்க, எங்கேயாவது வெளியே போயிருப்பாங்க" என்றார் தாவூது. படியில் உட்கார்ந்து காத்திருந்தார்கள்.

வெயில் மண்டையைப் பிளந்தது. சாவி பெலிக்ஸ் சட்டைப்பையில்தான் இருந்தது. ஆனால் அவர்கள் அனுமதி இல்லாமல் எப்படித் திறப்பது?