துரை வைத்த முதல் கால்

சேர்வராயன் மலையில் காப்பித் தோட்டம் போட்டு, சட்டசபை மெம்பரும் ஆகிவிட்ட பிரம்லி துரைக்கு மலைக்காரர்களின் சாமைக்காடும் வேண்டியிருந்தது. டோலி தூக்கும் சடையனைக் கூப்பிட்டார்.

"இந்த மலையில் முதலில் கால் வைத்தவன் நான்தான். அதனால் காடும் எனக்குத்தான். நாளைக்கு விசாரிக்க வரும் கலெக்டரிடம் அப்படியே சொல். மாற்றிச் சொன்னால் உன் குடிசை இருக்காது."

மறுநாள் கலெக்டர் கேட்டார்: "துரை இங்கே முதலில் கால் வைத்ததைப் பார்த்தாயா?"

சடையன் சட்டென்று துண்டை விலக்கி, காய்த்துப்போன தோளைக் காட்டினான்.

"எங்கேங்க சாமி கால் வெச்சாரு? அடிவாரத்துல டோலியில ஏறுனவரு, உச்சியில பங்களா கட்டுற வரைக்கும் எங்க தோள்மேலதான் இருந்தாரு. கால் வெச்சதெல்லாம் நாங்க!"

துரை முகம் சிவந்து எழுந்தார். "டோலியைக் கொண்டு வா!"

சடையன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான்.

"இன்னைக்குக் கால் வெச்சுப் பாருங்க துரை. கலெக்டரே சாட்சி."