வாய் திறக்காமல் வாங்கிய மார்க்

மலையோரத்தில் ஒரு கல்லூரி. அங்கே வியாழக்கிழமைதோறும் மேடைப் பேச்சு வகுப்பு நடக்கும். அந்த வகுப்பில் ஒரு பருவம் முழுக்க வாயே திறக்காமல் ஐம்பதுக்கு நாற்பத்தெட்டு மார்க் வாங்கியவள் இசக்கிதேவி. கேட்டால் சிரிக்கத்தான் தோன்றும். மீதியையும் கேட்டால் சிரிப்பு வராது.

மேடை ஏறினாலே அவளுக்குப் பயத்தில் பேச்சு வராது. பாடம் எடுத்த ஹெப்சிபா மிஸ் தங்கமான மனுஷி.

"பயமா இருந்தா எழுதிக் குடும்மா, பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டார்.

அவளும் வாரம் தவறாமல் எழுதிக் கொடுத்தாள்.

அந்த வருஷம் அவள் ஊர்க் கல்குவாரியை இன்னும் ஆழமாகத் தோண்ட குவாரி முதலாளிகள் அனுமதி கேட்டார்கள். அதற்காக ஊர்க் கல்யாண மண்டபத்தில் அதிகாரிகள் கருத்துக்கேட்புக் கூட்டம் போட்டார்கள். இசக்கிதேவியின் அப்பா அந்தக் குவாரித் தூசியில் நெஞ்சு கெட்டுச் செத்தவர். ஊரே அவளைத்தான் கைகாட்டியது. காலேஜில் பேச்சுக்கென்றே படிக்கிற பிள்ளை இருக்கும்போது வேறு யார் பேசுவது? வேறு ஒருவரும் பெயர் கொடுக்கவில்லை.

மைக்கைக் கையில் கொடுத்தார்கள். அவள் எழுதி வைத்திருந்த தாளில் எழுத்தெல்லாம் கலங்கித் தெரிந்தது. ஒரு வரிகூட வாசிக்க வரவில்லை. அதிகாரி கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார்.

"பரவாயில்லைம்மா, உட்காருங்க" என்றார். நல்ல விதமாகத்தான் சொன்னார்.

அவள் தாளைக் கசக்கிக்கொண்டே வெளியே ஓடிவிட்டாள். 'ஊர்மக்கள் தரப்பில் ஆட்சேபணை இல்லை' என்று அதிகாரிகள் கூட்டக் குறிப்பில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். இரண்டே மாதத்தில் அனுமதி வந்தது. வெடி அதிர்வில் வீட்டுச் சுவர் விரிசல் விட்டது. அம்மாவும் இரும ஆரம்பித்தாள்.

ஊரில் யாரும் இசக்கிதேவியைத் திட்டவில்லை. அதுதான் அவளைத் தின்றது.

அடுத்த பருவத்தில் ஒரு வியாழக்கிழமை வகுப்பு வாசலில் வந்து நின்றாள்.

"என் பேர எடுத்துருங்க மிஸ்."

"ஏம்மா?"

"இந்த வகுப்பால எனக்கு என்ன பிரயோஜனம்? நீங்களே சொல்லுங்க."

ஹெப்சிபா மிஸ்ஸுக்கு ஊர்ச் சேதி தெரியும். மேடையைக் காட்டினார்.

"ஏறி நில்லு."

"எனக்கு வராது மிஸ்."

"பேச வேண்டாம். மூணு நிமிஷம் நில்லு, போதும்."

ஏறி நின்றாள். எதிரே நாற்பது முகங்கள். கண்ணீர் வந்தது, துடைக்கக்கூடத் தோன்றவில்லை. முன்வரிசையில் ஒருத்தி வாயைப் பொத்திச் சிரித்தாள். மிஸ் வாயிலிருந்து உட்கார் என்ற வார்த்தை வருமா என்று இசக்கிதேவி ஏக்கத்தோடு பார்த்தாள். மிஸ் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது நிமிஷத்தில் அவள் குரல் வந்தது.

"எங்கப்பா பேரு சுடலைமுத்து. குவாரியில கல்லு உடைச்சாரு. இருமுனா துண்டுல ரத்தம் வரும். நாங்க பாத்துரக் கூடாதுன்னு அந்தத் துண்ட ஒளிச்சு வப்பாரு. இப்ப எங்கம்மா முந்தானைய ஒளிக்கா."

அப்புறம் அவள் நிறுத்தவில்லை. பள்ளத்தின் ஆழத்தைச் சொன்னாள். வற்றிப்போன கிணறுகளைச் சொன்னாள். செத்தவர்களைப் பெயர் பெயராகச் சொன்னாள். மணி அடித்தது, ஒருவரும் எழுந்திருக்கவில்லை. சிரித்தவள் தலை குனிந்து அழுதுகொண்டிருந்தாள்.

இசக்கிதேவி இறங்கி மிஸ் முன்னால் வந்தாள். குரலில் கோபம் ஏறியிருந்தது.

"வருது மிஸ். இப்ப நல்லா வருது. இத வச்சு இனி நான் என்ன செய்ய?"

மிஸ் தோளைத் தொட வந்தார், அவள் விலகிக்கொண்டாள்.

"மூணே நிமிஷம். மொத வாரமே என்னைய இப்படி நிக்க வச்சிருக்கலாம்லா?"

ஹெப்சிபா மிஸ் மேசை இழுப்பறையிலிருந்து அவள் எழுதிக் கொடுத்த பழைய தாள்களை எடுத்தார்.

"நீ ரொம்ப நல்லா எழுதுவ" என்றார். "ஒவ்வொரு தடவையும் வாசிச்சு முடிச்சதும், நீ பேசிட்டன்னே நெனச்சுக்கிட்டேன்."