பொக்கைக் கதிர் வழக்கு

முன்னொரு காலத்தில் வறட்டூர்ச் சீமையைக் கார்மேகவர்மன் என்ற ராசா ஆண்டு வந்தான். பெயரில் இருந்த மேகம் ஊர்ப்பக்கம் எட்டிப் பார்த்து மூன்று வருஷமாயிற்று. அதற்காக ராசா கவலைப்பட்டான் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஊரில் ஓடிய ஒரே வாய்க்காலைப் பத்து நாள் தெப்பக்குளத்துக்குத் திருப்பிவிட்டு, ஓடத்தில் ஏறி விளையாடினான். யோசனை சொன்ன புண்ணியவான், வாய்க்கால் அதிகாரி சந்தனராயர்.

அரண்மனை மக்காச்சோளக் கொல்லையைப் பயிரிட்டவள் காத்தாயி. "சோளம் பூக்கிற நேரம் சாமி, இப்பத் தண்ணிய நிறுத்தாதீங்க" என்று ராயர் வாசலில் நாலு தடவை போய் நின்றாள். ஐந்தாம் தடவை ராயர் கதவைச் சாத்தச் சொன்னார். பதினோராம் நாள் தாராள மனசோடு இரண்டு பங்கு தண்ணீர் விட்டார். சுருண்டு கிடந்த இலைகள் விரிந்து கொல்லை பச்சைப்பசேலென்று நின்றது. அறுத்துப் பார்த்தால் கதிருக்குப் பத்து மணி தேறவில்லை. மற்ற இடமெல்லாம் பொக்கை.

"திருட்டு, பிரபு" என்றார் ராயர் சபையில். "பயிரோ யானை மறைகிற உயரம். மணி மட்டும் எங்கே போகும்? இவள்தான் உதிர்த்து எடுத்திருக்கிறாள்."

ராசாவுக்கு யோசிப்பதைவிடத் தீர்ப்புச் சொல்வது சுலபம். "வலக்கையை வெட்டுங்கள்" என்றான்.

காத்தாயி பயந்துதான் போனாள். கை போனால் களைக்கொட்டை எதனால் பிடிப்பது? ஆனால் பயத்தை முந்திக்கொண்டு கோபம் வந்தது. சாட்சிக்குக் கொண்டுவந்து குவித்திருந்த கதிர்களில் தோகை பிரிக்காத ஒன்றை எடுத்து நீட்டினாள்.

"நீங்களே உரிங்க, மகாராசா."

உரித்தான். உள்ளே ஒன்பது மணி.

"மேல தோகை மூடினபடி இருக்கு. உள்ள எப்படித் திருடுறது?"

"சூனியம்" என்றார் ராயர். அவருக்குத் தெரியாத சாத்திரம் உண்டா?

ராசா குழம்பினான். "பின்னே என்னதான் ஆயிற்று? தண்ணீர்தான் இரண்டு பங்கு விட்டாயிற்றே."

"சொன்னா விளங்காது, மகாராசா. நாளைக்கு ராயர் மகளுக்குக் கல்யாணமாமே. முகூர்த்தம் முடிஞ்சு ஒரு நாழிகை கழிச்சுப் பொண்ண மணவறைக்குக் கூட்டியாரச் சொல்லுங்க. அதுக்கு ஈடா மேளத்த ரெண்டு பங்கா அடிச்சாப் போச்சு."

விளையாட்டு என்றால் ராசாவுக்கு வெல்லம். "அப்படியே ஆகட்டும். எழுது ஓலையை" என்றான்.

ராயர் தலைப்பாகை உருள ராசாவின் காலில் விழுந்தார். "பிரபு, குடி கெட்டுவிடும். முகூர்த்தம் தப்பினால் தப்பினதுதான். அப்புறம் ஆயிரம் மேளம் கொட்டி என்ன பிரயோசனம்?"

"அதத்தான் சாமி உங்க வாசல்ல நின்னு கத்தினேன்" என்றாள் காத்தாயி. "சோளத்துக்கு உச்சியில பூக்கிறது மாப்பிள்ளை. கதிர் நுனியில எட்டிப் பார்க்கிற பட்டுநூல் பொண்ணு. ஒவ்வொரு நூல்லயும் பூந்தூள் விழுந்தாத்தான் ஒவ்வொரு மணி பிடிக்கும். தண்ணி இல்லேன்னா நூல் வெளிய வரத் தாமசமாகும். மாப்பிள்ளை காத்திருப்பானா? தூளக் கொட்டிட்டுப் போயிடுவான். இளம்பயிரில காஞ்சா குட்டையா நின்னாலும் கொஞ்சம் தேறும். பூக்கையில காஞ்சா, பின்னால கடலையே திருப்பிவிட்டாலும் இலைதான் செழிக்கும்."

"அந்தப் பத்து நாள் தண்ணீர் எங்கே போயிற்று?" என்று ராசா கேட்டான். மந்திரிகள் எல்லாரும் கூரையைப் பார்த்தார்கள். பதில் தெரியும், கழுத்தும் வேண்டுமே.

"உங்க ஓடத்துக்கு அடியில, மகாராசா."

ராசாவின் முகம் சுருங்கியது. கோபப்படலாமா என்று பார்த்தான். கையில் ஒன்பது மணிக் கதிர் இருந்தது. முகூர்த்த ஓலையைக் கிழித்துப் போட்டான்; கையை வெட்டும் தீர்ப்பையும் தள்ளினான். கொல்லையைக் காத்தாயிக்கே சாசனம் எழுதிக் கொடுத்தான். சோளம் பூக்கும் நாளில் மடையைத் தொடுகிறவன், ராசாவே ஆனாலும், அவளிடம் கேட்டுத் தொட வேண்டும் என்று முரசறைய வைத்தான்.

மறுநாள் கல்யாணம் குறித்த நேரத்தில் நடந்தது. பந்தியில் ராசாவுக்கும் ராயருக்கும் மட்டும், ராசாவின் உத்தரவுப்படி, அந்தக் கொல்லைக் கதிரை வேகவைத்துப் பரிமாறினாள் காத்தாயி. ராயருக்கு வாய்த்ததில் ஏழே மணி. வெந்தும் இளகாத மணி தொண்டையில் சிக்கி விக்கல் எடுத்தது.

"தண்ணீர்... தண்ணீர்..." என்றார் ராயர்.

"பந்தி முடியட்டும் சாமி" என்றாள் காத்தாயி. "ரெண்டு பங்கா ஊத்துறேன்."